சிக்னல் இல்லாமல் இருந்தால் நல்லது

'அமைதியான தீவு' என்று தேடுகிறவர் உண்மையில் எதைத் தேடுகிறார்? சத்தம் குறைந்த இடத்தையா, ஆள் குறைந்த இடத்தையா? இரண்டும் ஒன்றில்லை. கடலை ஒட்டிப் படுத்திருந்தால் ராத்திரி முழுக்க அலை அடித்துக்கொண்டேதான் இருக்கும். எங்கள் தெருவில் ஓடும் ஆட்டோக்களைவிட அது ஒன்றும் குறைந்த சத்தம் இல்லை. ஆனாலும் தூக்கம் வருகிறது. அலை நம்மிடம் எதையும் கேட்பதில்லை, பதில் மெயில் போடச் சொல்வதில்லை. நமக்கு வேண்டியது நம்மிடம் எதுவும் கேட்காத இடம். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் அமைதி.

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். மாதத்தில் ஒரு வாரம் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கவேண்டிய வேலை. ராத்திரி மூன்று மணிக்கு எங்கோ ஒரு சர்வர் படுத்துவிட்டால் அது அலறும். மற்ற மூன்று வாரங்களும் அலறாத போன் காதுக்குள் அலறிக்கொண்டிருக்கும். ஆகவே இந்த வருடம் லட்சத்தீவுக்கு ஐந்து நாள் போய்வரலாம் என்று முடிவுசெய்து, எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதைப்போல ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்தேன். "ரெஸ்ட் எடுக்கறதுக்கும் ஷீட்டா?" என்று மனைவி சிரித்தாள். ஒவ்வொரு தீவுக்கும் ஒரு வரிசை. கப்பல், விமானம், தங்குமிடம், சாப்பாடு, சிக்னல் என்று கட்டங்கள். சிக்னல் என்ற கட்டத்தில் 'இல்லாமல் இருந்தால் நல்லது' என்று எழுதினேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு கட்டத்தைப் பற்றியது.

லட்சத்தீவு என்ற பெயரைக் கேட்டு ஏமாறவேண்டாம். மொத்தம் 36 தீவுகள், மக்கள் வாழ்பவை 10. எல்லாத் தீவுகளையும் சேர்த்துக் கூட்டினாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். நம்முடைய சராசரி ஊராட்சி ஒன்றியம் ஒன்றே இதைவிடப் பெரிது. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே 64,473 பேர். 1956 வரை இந்தத் தீவுகள் மதராஸ் மாகாணத்தோடு இருந்தவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்வந்த படங்களும், அதையொட்டி மாலத்தீவோடு எழுந்த சச்சரவும் வந்த பிறகுதான் நம் ஃபேமிலி வாட்ஸ்ஆப் குழுக்களில் லட்சத்தீவு என்ற சொல் அடிபடத் தொடங்கியது.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கொச்சியிலிருந்து கடலுக்கடியில் போடப்பட்ட கண்ணாடியிழைக் கேபிள் அப்போது தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை அந்தத் தீவுகளின் தொலைபேசியும் இணையமும் செயற்கைக்கோளை நம்பியே ஓடின. என்னோடு சில வருடங்கள் வேலை பார்த்த ஒருவர் ஆந்த்ரோத் தீவுக்காரர். என் ஷீட்டைப் பற்றிச் சொன்னபோது, "ப்ரோ, நீங்க சிக்னல் இல்லேன்னு சந்தோஷப்படுற அந்த ஊர்லதான் நான் இன்ஜினியரிங் கவுன்சலிங் ரிசல்ட் பார்க்க ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

அங்கே எனக்கு அமைதியாகத் தெரிவது எதுவோ, அதை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். சிக்னல் பலவீனம். கப்பல்கள் குறைவு. அகத்தியில் ஒரே ஒரு ஓடுபாதை, அதிலும் சிறிய விமானங்கள்தான் இறங்கும். பெரிய ஆஸ்பத்திரி கிடையாது, பெரிய கடை கிடையாது, வேலைவாய்ப்பு கிடையாது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் நான் காசு கொடுத்து வாங்கப்போகும் நிசப்தம். இதே பட்டியலை ஒரு தீவுவாசியிடம் கொடுத்தால், தேர்தலின்போது வேட்பாளரிடம் கொடுக்கும் மனு என்று நினைத்துக்கொள்வார். அவர் குறை என்று எழுதும் ஒவ்வொன்றும் எனக்கு வசதி.

இது வெறும் ரசனை வித்தியாசம் இல்லை. கிராமத்துக்காரருக்கு ஓட்டு வீடு அலுத்துவிட்டது, நகரத்துக்காரருக்கு ஓட்டு வீடு அழகு என்பதைப்போல விட்டுவிடக்கூடியதும் இல்லை. அந்த இடம் மாறாமல் இருப்பதில் எனக்கு ஒரு நலன் இருக்கிறது, மாறுவதில் அவர்களுக்கு ஒரு நலன் இருக்கிறது. கொடைக்கானலில் இறங்கியதும், "பத்து வருஷம் முன்னாடி வந்திருக்கணும் சார், இப்ப கெட்டுப்போச்சு" என்று சொல்லும் ஒரு குரலை எல்லோரும் கேட்டிருப்போம். பெரும்பாலும் அது இன்னொரு சுற்றுலாப் பயணியின் குரலாகத்தான் இருக்கும். கெட்டுப்போனதில் உண்மையாகவே கெட்டதும் உண்டு, யாரோ ஒருவர் வீட்டுக்கு முதன்முதலாகக் குழாய் வந்ததும் உண்டு. வெளியிலிருந்து வருகிறவருக்கு இரண்டும் ஒரே காட்சி.

நண்பர் சொன்ன இன்னொரு விஷயம் கப்பல். "உங்களுக்கு அது க்ரூஸ். எங்களுக்கு அது டவுன் பஸ்." மாணவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், கொச்சியில் ஸ்கேன் எடுக்கப் போகும் வயதானவர்கள் எல்லோருக்கும் அதே கப்பல். அவருடைய அம்மாவுக்கு ஒருமுறை முட்டியில் சிகிச்சைக்குத் தேதி கிடைத்தது, அந்தத் தேதிக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் சிகிச்சைத் தேதியைத்தான் தள்ளிவைத்தார்கள். அந்தக் கப்பலில் எத்தனை சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கே வழக்கமாக ஒரு பதில் வரும்: நாம் போனால்தானே அவர்களுக்கு வருமானம். உண்மைதான். படகோட்டிக்கு, சமையல்காரருக்கு, முக்குளிக்கச் சொல்லித்தரும் பையனுக்கு அந்தப் பணம் போகிறது. ஆனால் என்னுடைய பணத்தால் அந்த வாரத்துக்குள் இன்னொரு கப்பலைக் கட்டிவிட முடியாது. இருக்கும் படுக்கை யாருக்கு என்பதை வேண்டுமானால் பணம் முடிவுசெய்யலாம், படுக்கையை அதிகப்படுத்தாது. சம்பாதிப்பவர் படகோட்டியாக இருக்க, காத்திருப்பவர் அந்த அம்மாவாக இருக்கும்போது, 'தீவுக்கு லாபம்' என்ற ஒற்றை வரியில் இரண்டையும் கூட்டிக் கழிப்பது எனக்கு ஒட்டவில்லை. எங்கள் தொழிலில் சராசரியை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். சராசரிப் பதில் நேரம் நன்றாகத்தான் இருக்கும், நூறில் ஒருவருக்குப் பக்கம் திறக்கவே திறக்காது.

தண்ணீரை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் சிக்கல். பவளத்தீவில் ஆறு கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கும். கிணற்றில் கிடைப்பது அந்த வில்லையிலிருந்துதான். அதிகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு மேலேறும். 2005இல் சென்னையிலிருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கவரத்தியில் ஒரு நிலையம் அமைத்தது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து இழுக்கும் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக மாற்றும் முறை. பள்ளிக்கரணைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கட்டிடத்தைக் கொஞ்சம் பெருமையோடு பார்ப்பேன், என்னவோ நானே கட்டியதைப்போல. அதன் திறன் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். கவரத்தியின் மக்கள்தொகை சுமார் 11,000. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பது லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆகும். இந்திய நகரங்களுக்கான திட்டக் கணக்கில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அளவுகோல். நான் அந்தப் பழக்கத்தோடு போய் இறங்கினால், பதினைந்து பேருடைய ஒன்பது லிட்டருக்குச் சமம். அந்த நிலையத்துக்கு மின்சாரம் வேண்டும், தீவில் மின்சாரத்துக்குப் பெரும்பாலும் டீசல், டீசலுக்குக் கப்பல். ஆளரவமற்ற கடற்கரையில் நாம் கேட்கும் மௌனத்தின் பின்னால் எங்கேயோ ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, ஐந்து நாள் நான் குளித்தால் எந்தக் கிணறு உப்பாகிவிடும்? எதுவும் ஆகாது. அதுதான் பிரச்சினையே. டெரிக் பார்ஃபிட் 1984இல் வந்த 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறார். அவர் ஒரு கற்பனையை முன்வைக்கிறார். ஆயிரம் சித்திரவதையாளர்கள், ஆயிரம் கைதிகள். ஒவ்வொரு சித்திரவதையாளரும் ஒரு பொத்தானை அழுத்துகிறார். அது ஆயிரம் கைதிகளின் வலியையும் உணரவே முடியாத அளவுக்கு, ஒரு புள்ளி மட்டும் கூட்டுகிறது. ஆயிரம் பேரும் அழுத்தி முடிக்கும்போது ஆயிரம் கைதிகளும் தாங்கமுடியாத வலியில் இருக்கிறார்கள். யாரைப் பிடித்துக் கேட்டாலும், "என்னால் யாருக்கும் கூடுதலாக வலிக்கவில்லை" என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனாலும் அவர்கள் செய்தது தவறுதான் என்கிறார் பார்ஃபிட். என் ஒருவனின் செயல் மட்டும் என்ன விளைவித்தது என்று கேட்பது போதாது, நான் எந்தக் கூட்டத்தில் ஒருவனாக அதைச் செய்தேன் என்றும் கேட்கவேண்டும்.

சுற்றுலாப் பயணியைச் சித்திரவதையாளரோடு ஒப்பிடுவது கொஞ்சம் ஓவர்தான். நோக்கம் வேறு, விளைவின் அளவும் வேறு. ஆனால் கணக்கின் அமைப்பு ஒன்றுதான். இன்னொரு நகைமுரணும் இருக்கிறது: கூட்டத்திலிருந்து தப்பிக்கத்தான் நான் தீவுக்குப் போகிறேன், அங்கே நான் ஒரு கூட்டத்தின் உறுப்பினனாக மட்டுமே கணக்கில் வருகிறேன்.

இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி தெரிந்தது. யாரும் குடியிருக்காத தீவுக்கே போய்விடுவது. யாருடைய படுக்கையும் இல்லை, யாருடைய கிணறும் இல்லை. மாலத்தீவு இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தது. 1972இல் முதல் உல்லாச விடுதி வந்ததிலிருந்து, குடியில்லாத ஒரு தீவு, அதில் ஒரு விடுதி என்பதுதான் ஏற்பாடு. ஊர்க்காரர்கள் தங்கள் தீவில் விருந்தினர் விடுதி நடத்தச் சுமார் நாற்பது வருடங்கள் காத்திருக்கவேண்டியிருந்தது. லட்சத்தீவில் அந்த இடம் பங்காரம். என் ஷீட்டில் முதல் வரிசையில் இருந்த பெயர்.

ஆனால் 'குடியில்லாத' என்ற சொல் சந்தேகத்துக்குரியது. அந்தத் தென்னைகள் தானாக முளைத்து நிற்கவில்லை. அகத்திக்காரர்கள் தேங்காய் பறிக்கவும் மீன்பிடிக்கவும் தலைமுறைகளாகப் போய்வந்த தீவு அது. நம் ஊரில் வயலில் யாரும் படுத்துத் தூங்குவதில்லை என்பதால் வயலை ஆளில்லாத நிலம் என்று சொல்வோமா? பங்காரத்தைச் சுற்றியிருக்கும் அதே பவளத்திட்டில் பரளி என்று மூன்று சிறு துண்டுத் தீவுகள் இருந்தன. அவற்றில் முதலாவது கடல் அரித்து அரித்து முழுவதுமாகக் காணாமல் போய்விட்டது. எனவே 36 என்று மேலே எழுதியது பழைய கணக்கு. ஆளில்லாத தீவு மறைந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால், அங்கே போய்வந்துகொண்டிருந்தவர்களுக்குத்தான். விடுதித் தீவிலும் ஆளில்லாமல் இல்லை. சமைப்பவர், மெத்தை விரிப்பவர், காலையில் மணலில் ஒதுங்கிய குப்பையைப் பெருக்குபவர் எல்லோரும் இருக்கிறார்கள், கண்ணில் படாமல் இருப்பதும் அவர்கள் வேலையில் சேர்த்தி. அப்படிப் பார்த்தால் தனிமை என்பது அங்கே சில பேரின் உழைப்பு.

அப்படியென்றால் போகவே கூடாதா? நான் அந்த முடிவுக்கு வரவில்லை. வீட்டிலேயே இருந்துவிடுவதில் ஒரு சுத்தம் இருக்கிறது, ஆனால் அது என் மனசாட்சிக்கான சுத்தம், அதனால் ஆந்த்ரோத்தில் யாருக்கும் ஒரு குடம் தண்ணீர் கூடக் கிடைக்காது. எனக்குப் பிடித்த பதில் எதிர்பாராத ஒரு இடத்தில் இருந்தது: பெர்மிட்டில். லட்சத்தீவுக்குள் நுழைய வெளியாட்களுக்கு அனுமதி வேண்டும், 1967ஆம் வருட விதிகளின்படி. எந்தத் தீவு, எந்தத் தேதி, எதற்காக என்று எழுதிக் கொடுக்கவேண்டும். பெர்மிட் என்றாலே நம்மவர்களுக்கு எரிச்சல் வரும். நம் நாட்டுக்குள்ளேயே எதுக்கு பாஸ் என்பார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தபோதும் இதையே கேட்டோம்.

இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. இ-பாஸ் கேட்பது மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று. சர்வருக்கு வரும் கோரிக்கைகளை மட்டுப்படுத்துவதைப்போல ஒரு எண். லட்சத்தீவின் விதி வேறு ஒன்றைக் கேட்கிறது: இது யாருடைய இடம்? அங்கே பிறந்து வாழும் மக்கள் பட்டியல் பழங்குடியினர், அவர்கள் நிலத்தையும் வாழ்க்கையையும் காப்பதற்காக வந்த கட்டுப்பாடு அது. 2021இல் வந்த மேம்பாட்டு ஆணைய வரைவு விதிகளை எதிர்த்து அவர்கள் வீடுவீடாகப் பதாகை பிடித்து நின்றதற்கும் அடியில் இதே கேள்விதான் இருந்தது. அவர்கள் மாற்றம் வேண்டாம் என்று நிற்கவில்லை. எது மாறவேண்டும் என்று சொல்லும் இடத்தில் தாங்கள் இருக்கவேண்டும் என்றார்கள். கேபிள் வந்தபோது யாரும் பதாகை பிடிக்கவில்லையே.

ஆகவே அந்தப் படிவத்தில் 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தை நிரப்பும்போது கொஞ்ச நேரம் யோசித்தேன். சுற்றுலா என்றுதான் எழுதமுடியும். ஷீட்டில் பங்காரத்தின் வரிசையை எடுத்துவிட்டு, ஆள் இருக்கும் தீவுகளை மட்டும் வைத்திருக்கிறேன். மதராசா விட்டு வரும் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள், ஐந்து வேளை பாங்கு கேட்கும், மத்தியானம் சூரை மீன் காயும் வாடை வரும் என்று நண்பர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். பள்ளி விடுமுறையிலும் பெருநாளையொட்டியும் கப்பல் ஏறவேண்டாம், அப்போதுதான் ஊர்க்காரர்கள் போக்குவரத்து அதிகம் என்றார். அதன்படி தேதியை மாற்றிக்கொண்டேன். இதனால் அந்த அம்மாவுக்கு இடம் கிடைத்துவிடும் என்றெல்லாம் நான் கணக்குப் போடவில்லை. பார்ஃபிட்டின் பொத்தான் அங்கேயேதான் இருக்கிறது.

"நீங்க லீவுக்கு எங்க போவீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"கொச்சிக்கு. எம்.ஜி. ரோட்டு மேல ரூம் எடுப்போம். ஜன்னலைத் திறந்தா பஸ் சத்தம் கேக்கணும், அம்மாவுக்கு அப்பதான் லீவு மாதிரி இருக்கும்."

ஆந்த்ரோத்துக்கும் போகிற மாதிரி அமைந்தால் அம்மாவுக்கு ஏதாவது கொண்டுபோகட்டுமா என்றேன். உடனே பட்டியல் வந்தது: சின்ன வெங்காயம் ரெண்டு கிலோ, முட்டிக்குத் தடவுற தைலம், அக்கா பையனுக்கு ஒரு ஸ்கூல் பேக், முடிஞ்சா நீல நிறம்.