சிலுவைப் போரும் மனிதர் நோக்கமும்

யாம் ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற காலத்தில், சிலுவைப் போர் என்றால் ரிச்சர்டு மன்னனின் வாள் வீரமே பாடமாக ஓதப்பட்டது. 1191-ஆம் ஆண்டில் ஆக்கர் துறைமுகத்தில், சிறைப்பட்டிருந்த 2,000-க்கும் மேற்பட்டோரை அம்மன்னன் வெட்டி வீழ்த்தச் செய்த செய்தி எம் பாடநூலில் இல்லை. பிற்காலத்தில் அதனை அறிந்து வெகுண்ட நாம், மதம் வெறும் போர்வை, உள்ளிருந்தவை மண்ணாசையும் பொன்னாசையுமே என்று முடிவு கட்டினோம். சீர்திருத்தம் விழையும் அன்பர் பலரும் இவ்வாறே உரைப்பர். எளிய விடைதான், ஆயின் கணக்கு நேர்படவில்லை.

தோட்டத்துச் செக்ரோலும் வரவு செலவும் எழுதிப் பழகிய கை எமது. ஆதாயம் கருதி ஒருவன் ஒரு காரியத்தில் இறங்கினான் என்றால், போட்ட முதல் எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று பார்ப்பதே எம் வழக்கம். நார்மண்டிக் கோமகன் ராபர்ட்டு, வழிச்செலவின் பொருட்டுத் தன் நாட்டையே 10,000 மார்க்கு வெள்ளிக்கு, இங்கிலாந்தை ஆண்ட தன் தம்பியிடம் அடகு வைத்தான். காட்பிரே என்பான் தன் புய்யோன் கோட்டையை லியேஜ் மேற்றிராணியாரிடம் ஈடு வைத்தான். சிறு பிரபுக்களும் நிலத்தை விற்றும் ஒற்றி வைத்தும் புறப்பட்டனர். 1099-இல் ஜெருசலேம் வீழ்ந்தபின், உயிர் பிழைத்தோரில் மிகப் பலர் அங்கே நிலம் ஆள நில்லாது ஊர் திரும்பினர். பொன் தேடிப் போனவன் செய்யும் காரியமா இது?

ஆசையே இல்லை என்று யாம் சாதிக்க வரவில்லை. 1098-இல் பிடிபட்ட அந்தியோக்கியாவைப் போஹிமண்டு தனக்கே வைத்துக்கொண்டான். 1204-இல் வெனிசுக்குப் பட்ட கடனில் மூழ்கிய சிலுவை வீரர், கிறிஸ்தவப் பெருநகராகிய கான்ஸ்டாண்டிநோபிளையே கொள்ளையிட்டனர். இவை யாவரும் அறிந்தவை.

நம்மைத் திகைக்க வைப்பது வேறொன்று. 1066-இல் ஹேஸ்டிங்ஸ் களத்தில் வென்ற நார்மானியருக்கே, கொன்ற ஆள் ஒன்றுக்கு ஓராண்டு பிராயச்சித்தம் என மேற்றிராணிமார் பின்னர் விதித்தனர். கொலை, மன்னனுக்காகச் செய்யினும், பாவமாகவே எண்ணப்பட்டது. முப்பதாண்டு கூட நிறையவில்லை. 1095 நவம்பரில் கிளெர்மோன் நகரில் இரண்டாம் அர்பன் போப்பாண்டவர் கூட்டிய சபை, பெருமையோ பொருளோ கருதாது பக்தி ஒன்றினாலே ஜெருசலேமை மீட்கச் செல்வோர்க்கு அப்பயணமே பாவங்களின் முழுப் பிராயச்சித்தமாகும் என்று தீர்மானித்தது. நேற்றுவரை எதற்காக நோன்பிருந்து அழவேண்டுமோ, இன்று அதுவே நோன்பாயிற்று! வாளன்றி வேறு தொழிலறியாத வீரனுக்கு இதனினும் இனிய செய்தி யாதிருக்கும்?

அதன் முதற்பலனைக் கண்டவர் துருக்கியர் அல்லர். ரைன் ஆற்றங்கரை யூதர். 1096-இல் ஷ்பையர் நகரில் மேற்றிராணியார் யூதருட் பெரும்பாலோரைக் காத்தார். வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் காப்பு பலிக்கவில்லை. ஞானஸ்நானம் பெறு, அன்றேல் சாவு என்றனர். கொள்ளையும் நடந்தது, உண்மை. எனினும் பொருள் மட்டுமே குறியாயின், மதம் மாறியவனை உயிரோடு விடுவானேன்? பேராசைக்காரனிடம் பணம் கொடுத்து உயிர் மீளலாம். தன் ஆன்மாவைக் காக்க வந்தவனிடம் எதைக் கொடுப்பது?

1099 ஜூலை 15-ஆம் நாள் ஜெருசலேமினுள் புகுந்தோர் ஆண் பெண் பாராது வெட்டினர். பொன்னும் வெள்ளியும் குதிரைகளும் கைப்பற்றினர். பின்னர் ஏசுநாதரின் கல்லறைக்குச் சென்று ஆனந்தத்தால் அழுது தொழுதனர். அக்கண்ணீர் பொய்யென்று சொல்ல முடிந்தால் எமக்கு எவ்வளவோ ஆறுதலாயிருக்கும். உடன் சென்றோருள் ஒருவர் எழுதிவைத்த வரலாற்றில், கொலையும் கொள்ளையும் தொழுகையும் அடுத்தடுத்த வரிகளில், ஒன்றற்கொன்று மாறென்ற எண்ணமே இன்றி நிற்கின்றன.