பக்தியும் பகிர்தலும்

உயர்நிலைப் பள்ளியில் ஊடக அறிவைக் கற்றுக்கொடுக்கும்போது அறத்தையும் சமய நம்பிக்கையையும் அதில் சேர்க்கலாமா? செண்பகத்தோப்பு வழியாகக் காட்டழகர் கோயிலுக்குக் குடும்பத்தோடு நடந்துபோகிற ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. இங்குள்ள பிள்ளைகள் பக்தியைச் செருப்பைப் போல வகுப்பு வாசலில் கழற்றிவிட்டு வருவதில்லை.

2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி ஆற்றிய உரை மறுநாள் தினமணியில் வந்தது. ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து அவர் எடுத்தாண்ட ஒரு வரி கொந்தளிப்பை மூட்டியது. ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம், வழக்கு என்று அது நீண்டது. அந்தக் கட்டுரை இடம்பெற்ற நூலை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் வெளியிட்டதாக உரையில் சொல்லப்பட்டது. வெளியிட்டதோ சிம்லாவிலுள்ள இந்திய உயர் ஆய்வு நிறுவனம். மூலத்தைச் சரிபார்க்கும் கடமை பேசியவருக்கு இருந்தது. உரை முழுவதையும் படிக்காமல், வெட்டிய துண்டை வசையோடு அனுப்பியவர்களுக்கும் அந்தக் கடமை இருந்தது. ஆண்டாளைத் தாயாகக் கொண்டாடும் மனங்கள் புண்பட்டதைச் சிறிதாக நினைக்கக் கூடாது. ஆனாலும் மனம் புண்பட்டது என்பதற்காகக் கையிலிருக்கும் துண்டு முழு உண்மையாகிவிடாது.

அதே ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது. ஒரு மூதாட்டி இறந்தார். அந்த வதந்தியை அனுப்பியவர்களில் பலர் தம் பிள்ளைகள்மேல் வைத்த அக்கறையால்தான் அனுப்பியிருப்பார்கள். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

அதற்காகத் திறமை மட்டும் போதுமா? கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் 2018-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொய்ச் செய்தியைக் கண்டறியப் பயிற்சி கொடுத்தது. மிக நல்ல முயற்சி. ஆனால் பொய்யென்று தெரிந்தே, எதிர்த்தரப்பை நோகடிக்கும் என்பதற்காகவே அனுப்புகிறவரை எந்தப் பயிற்சியும் தடுக்காது. அங்கே மனச்சாட்சி வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதை முதலில் ஊட்டுவது வீடும் வழிபாடும்தான்.

ஆகவே நம்பிக்கை வகுப்புக்குள் வரட்டும், தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வியாக. செய்தியை அளக்கும் கோலாக அது மாறக் கூடாது. ஆசிரியரின் மதம் எது மெய் என்று தீர்மானிக்கத் தொடங்கினால், பக்கத்து இருக்கையிலுள்ள வேறு மதப் பிள்ளை அன்றே அந்நியமாகிவிடும். எல்லாருக்கும் பொதுவான அறத்தைக் கற்பிக்க வழி ஏற்கெனவே உண்டு: திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் ஆறாம் வகுப்பிலிருந்து கற்பிக்கும்படி 2016-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. வாய்மை, புறங்கூறாமை ஆகிய அதிகாரங்களை மனப்பாடத்தோடு நிறுத்தாமல், மாணவர் கையிலிருக்கும் கைபேசிச் செய்திகளோடு சேர்த்து நடத்தலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் பாடத்துக்கு அடுத்தவர் பரப்பிய பொய்யை எடுக்காதீர்கள். நம் சாமிக்கும் நம் சாதிக்கும் நம் கட்சிக்கும் இனிக்கிற பொய் ஒன்றை எடுத்துக் கரும்பலகையில் எழுதுங்கள்.