யாருக்குக் கட்டுப்படியாகும்?

‘கட்டுப்படியாகுமா?’ என்பது நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் கேட்கும் கேள்வி. கத்தரிக்காய் விலைக்கும் அதே கேள்விதான், பிள்ளையின் டியூஷன் கட்டணத்துக்கும் அதே கேள்விதான். பொருளாதாரப் பாடநூல் பல அத்தியாயங்களில் விளக்குவதை நம் பாட்டிகள் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு விடுபடல் இருக்கிறது. யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதை அது சொல்வதில்லை. கேட்பவள் பெண்ணாக இருந்தால் ‘குடும்பத்துக்கு’ என்பது சொல்லாமலே விளங்கிவிடும். ‘எனக்கு’ என்று வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியவர்கள் நம்மில் குறைவு.

இதை நான் யோசிக்க வேண்டிவந்தது ஒரு கடன் அட்டையால். கல்லூரியில் வேலை பார்க்கிறேன். தனியாக வாழ்கிறேன். கருத்தரங்கு, விடைத்தாள் திருத்தம், டெல்லியில் இருக்கும் தங்கை வீடு என்று ஆண்டுக்கு நான்கு முறையாவது விமானத்தில் போய்வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. பயணச் சலுகைகள் கொண்ட உயர்வகை அட்டை. ஆண்டுக் கட்டணம் 12,500 ரூபாய், அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 14,750. அழைத்த இளைஞர் கட்டணத்தைக் கடைசியில்தான் சொன்னார். முதலில் சொன்னது, “மேடம், இந்த கார்டுக்கு நீங்க எலிஜிபிள்.”

‘தகுதி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தப் பொருள் எனக்குத் தகுமா என்று பார்க்க வேண்டியவள் நான். அதைத் திருப்பிப் போட்டு, பொருளுக்கு நான் தகுதியானவளா என்று ஆக்கிவிடுகிறது இந்த விற்பனை மொழி. வாழ்நாள் முழுதும் தகுதியை நிரூபித்துக்கொண்டே இருக்கும்படி பழக்கப்பட்டவர்களுக்கு இந்தச் சொல் இனிப்பாகத்தான் இருக்கும். ஆகவே அதை ஒதுக்கிவைத்துவிட்டு, தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

இந்தக் கணக்கில் முதல் விதி, அட்டையை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. ஒன்றுமில்லாததோடு ஒப்பிட்டால் எந்தச் சலுகையும் லாபமாகத்தான் தெரியும். கட்டணமே இல்லாத அட்டைகள் இருக்கின்றன, என்னிடமும் ஒன்று இருக்கிறது. அது செலவில் ஏறக்குறைய ஒரு விழுக்காட்டைப் புள்ளிகளாகத் திருப்பித் தருகிறது. புதிய அட்டை, புள்ளிகளை விமானச்சீட்டாக மாற்றிக்கொண்டால், 3.3 விழுக்காடு அளவு தரும். அட்டையில் என் ஆண்டுச் செலவு நான்கு லட்சம். புதியதில் 13,200 ரூபாய், பழையதில் 4,000. வேறுபாடு 9,200. புதிய அட்டையால் புள்ளிகளில் எனக்குக் கூடுதலாக வருவது இவ்வளவுதான்.

இரண்டாம் விதி, பாக்கி வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. மாதத்துக்கு 3.5 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 42. ஒரு லட்சம் ரூபாயை ஒரே ஒரு மாதம் தள்ளிவைத்தால் வட்டி 3,500, அதன்மேல் ஜிஎஸ்டி 630. அந்த ஒரு லட்சத்துக்கு வரும் புள்ளிகளின் மதிப்பு 3,300. ஒரு மாதத் தாமதம் எல்லாப் புள்ளிகளையும் தின்றுவிட்டு மேலும் கேட்கும்.

மூன்றாவது, புள்ளி பணம் ஆகாது. பணத்தின் மதிப்பை வங்கி தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. புள்ளியின் மதிப்பை மாற்றலாம், முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். அண்மை ஆண்டுகளில் வாடகை, மின்கட்டணம் போன்றவற்றுக்கான புள்ளிகளைப் பல வங்கிகள் குறைத்ததையும், விமான நிலைய லவுஞ்சுக்குள் நுழையக் காலாண்டுச் செலவு இவ்வளவு என்று நிபந்தனை போட்டதையும் பார்த்திருக்கிறோம்.

மிச்சமிருப்பது லவுஞ்ச். என் கணக்கு சிக்கிக்கொண்டது இங்கேதான். ஆண்டுக்கு எட்டு முறை உள்ளே போகலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு 1,200 ரூபாய் மதிப்பு என்றார் அந்த இளைஞர். எட்டுக்கு 9,600. புள்ளிகளின் 9,200-ஐச் சேர்த்தால் 18,800. கட்டணம் போக 4,050 லாபம். ஆனால் சலுகைகளை எடைபோடத் தெரிந்தவர்கள் வேறொரு விதி சொல்வார்கள்: விலைப்பட்டியலைப் பார்க்காதே, அந்தச் சலுகை இல்லாதபோது நீ உன் பணத்திலிருந்து எவ்வளவு கொடுத்திருப்பாய் என்று பார். நல்ல விதி. நான் என்ன கொடுத்திருப்பேன்? விமான நிலையத்துக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போகிறவள் நான். ஒரு காபிக்கும் உட்காரும் நாற்காலிக்குமாக, மனமிரங்கினால் 200. எட்டுக்கு 1,600. மொத்தம் 10,800. இப்போது 3,950 நட்டம்.

ஒரே அட்டை, ஒரே பெண், ஒரே எட்டுப் பயணங்கள். லாபமா நட்டமா என்பதை முடிவுசெய்வது, என் உடம்பின் ஓய்வுக்கு நான் போடும் விலை மட்டுமே.

அந்த 200 எங்கிருந்து வந்தது? என் துறையில் உடன் வேலை பார்க்கும் ஆண் நண்பர் அதே லவுஞ்சை ஆயிரம் ரூபாய்க்குக் குறைத்து மதிப்பிட மாட்டார். “களைப்பா இருக்கு, வேற எங்க உட்கார்றது?” என்பார். அவருக்கும் எனக்கும் ஒரே சம்பளம். வேறுபடுவது வளர்ப்பு. அப்பாவுக்குக் கட்டில், அண்ணனுக்கு மின்விசிறியின் கீழ் இடம், பெண்களுக்கு அடுப்பங்கரை ஓரம் என்றிருந்த வீட்டில் வளர்ந்த உடம்பு, தன் சௌகரியத்துக்கு 200-க்குமேல் கேட்கக் கூசுகிறது.

தத்துவவாதி ஜான் எல்ஸ்டர் 1983-இல் எழுதிய நூலின் தலைப்பே ‘புளித்த திராட்சை’ என்று பொருள்படுவது. எட்டாததை விரும்பாமலிருக்க மனம் கற்றுக்கொள்கிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். அமர்த்தியா சென்னும் மார்த்தா நுஸ்பாமும் இதைப் பெண்களின் வாழ்வில் பொருத்திப் பேசினார்கள். காலமெல்லாம் குறைவாகவே பெற்றவளிடம் ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டால் குறைவாகத்தான் கேட்பாள், அந்தப் பதிலை அவளுடைய நலனின் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்றார்கள். அப்படியானால், ‘நீ எவ்வளவு கொடுத்திருப்பாய்?’ என்ற அந்த நியாயமான விதி, பெண்ணின் கையில் வரும்போது, அவளுக்குக் கற்பிக்கப்பட்ட மலிவையே கணக்காக்கித் திருப்பித் தருகிறது.

எனவே 1,200 என்று போட்டுக்கொள்ளலாமா? அதுவும் சரியில்லை. என் கூச்சம் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பதால் விளம்பரதாரரின் எண் உண்மையாகிவிடாது. ‘நீ உன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டாமா?’ என்று பெண்ணியத்தின் குரலிலேயே பேசி முகப்பூச்சு முதல் அட்டை வரை விற்கும் காலம் இது. ஒரு பக்கம் தன்னை மலிவாக எண்ணும் பழக்கம், மறுபக்கம் அந்தக் காயத்தைத் தடவிக்கொடுத்து விற்கும் சந்தை. இரண்டுக்கும் நடுவே ஒரு பெண் தன் எண்ணைத் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சௌகரியம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், எந்த நேரத்தில் எது தேவைப்படுகிறது என்று பார்ப்பது. விடியற்காலை ஐந்து மணி விமானத்துக்கு ஆண்கள் இரண்டரை மணிக்கு வாடகைக் கார் பிடிப்பார்கள். நான் இரவு பதினொன்றுக்கே விமான நிலையம் போய் உட்கார்ந்துவிடுவேன். தனியாக நள்ளிரவுக்குப்பின் காரில் போகும் அச்சத்துக்கு நான் கொடுக்கும் விலை, மூன்றரை மணி நேர உறக்கம். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது சுத்தமான கழிப்பறை, பையைப் பக்கத்தில் வைத்துக் கண்ணயர ஓர் இடம். லவுஞ்ச் அதைக் கொடுக்கும்தான், ஆனால் பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு. இங்கே நான் வாங்குவது ஆடம்பரம் அல்ல, பாதுகாப்பு. இந்த நாட்டின் பெரிய ரயில் நிலையங்களில் பெண்களுக்கென்று காத்திருப்பு அறை உண்டு. அதன் நாற்காலி உடைந்திருக்கலாம், கழிப்பறை நாறலாம், ஆனால் உள்ளே போக ஆண்டுச் செலவு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. எல்லாப் பெண்களுக்கும் பொதுவில் கிடைக்க வேண்டியதைச் சிலருக்குச் சலுகையாக விற்கும்போது, வாங்க முடிந்தவர்கள் பொதுவறைக்காகப் பேசுவதை நிறுத்திவிடுகிறோம். 14,750-க்குள் இந்த மௌனத்தின் விலையும் இருக்கிறது.

அடுத்து, அட்டை யார் பெயரில் என்ற கேள்வி. அமெரிக்காவில் கடன் வழங்குவதில் பாலினத்தையும் மணநிலையையும் வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1974-இல்தான் வந்தது. அதுவரை, சம்பாதிக்கும் பெண்ணிடமும் கணவனின் கையெழுத்தைக் கேட்பது அங்கே சாதாரணம். இங்கே யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை, வருமானச் சான்று கேட்கிறார்கள். வீட்டில் உழைக்கும் பெண்ணுக்கு அது ஏது? அவளுக்குக் கிடைப்பது கணவனின் கணக்கில் கூடுதல் அட்டை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி அதன் கடன்பொறுப்பு முதன்மை அட்டைக்காரருடையது. புள்ளிகளும் பொதுவாக அவர் கணக்கில்தான் சேரும்.

ஒருமுறை என் அண்ணி பெருமையாகச் சொன்னார்: “உங்க அண்ணன் பாயிண்ட்லதான் இந்தத் தடவை கோவா போனோம். டிக்கெட்டுக்கு ஒரு பைசா ஆகல.”

“அவ்வளவு பாயிண்ட் எப்படி அண்ணி சேர்ந்துச்சு?”

“எப்படின்னா... மளிகை, பசங்க ஃபீஸ், அத்தையோட மருந்து, எல்லாம் நான்தானே கார்டுல போடுறேன். எந்தக் கடையில எப்ப வாங்குனா டபுள் பாயிண்ட்னுகூட நான்தான் பார்த்து வைப்பேன்.” கொஞ்சம் நிறுத்தி, சிரித்தார். “ஆமா, இதுல உங்க அண்ணனோடது என்ன இருக்கு?”

பணம் அண்ணனுடைய சம்பளம் என்பீர்கள். சரி. ஆனால் சம்பளம் புள்ளி ஆவதில்லை. செலவு, அதுவும் திட்டமிட்ட செலவு, புள்ளி ஆகிறது. தேதியை நினைவில் வைப்பது, கடைகளை ஒப்பிடுவது, காலாவதியாகும் முன் மாற்றுவது எல்லாம் வேலை. ஊதியமில்லாத வீட்டு வேலைகளின் நீண்ட பட்டியலில் புதிதாக ஒன்று. அதன் பலனுக்கு ‘அவர் கூட்டிப்போனார்’ என்று பெயர். அட்டை கட்டுப்படியாகுமா என்று பார்க்கும்போது இந்த மணிநேரங்களையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

கடைசிக் கேள்வி, இந்தச் சலுகைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? பாக்கி வைத்து வட்டி கட்டுகிறவர்களும், அட்டையைத் தேய்க்கும்போதெல்லாம் கட்டணம் செலுத்தும் கடைக்காரர்களும். கடைக்காரர் அதைப் பொருளின் விலையில் ஏற்றினால், ரொக்கம் கொடுத்து வாங்குகிறவரும் அதே விலையைக் கொடுக்கிறார், புள்ளி மட்டும் அவருக்கு இல்லை. பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010-இல் அமெரிக்கக் குடும்பங்களை வைத்து இதைக் கணக்கிட்டார்கள். ரொக்கம் பயன்படுத்தும் ஒரு குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரை அட்டைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. அட்டைக் குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டாலர் பெறுகிறது என்றார்கள். நம் ஊர் எண்கள் வேறாக இருக்கும். ஓட்டத்தின் திசை மாறுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. என் அழைப்பிலேயே ஒரு வரி இருந்தது: ஆண்டுக்குப் பத்து லட்சம் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி. மாதம் 83,000-க்குமேல் அட்டையில் செலவழிப்பவருக்கு 33,000 ரூபாய்ப் புள்ளிகளும் கிடைக்கும், கட்டணமும் கிடையாது. நான்கு லட்சம் செலவழிக்கும் நான்தான் 14,750 கட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகிறார்கள். வீட்டு வேலைக்கும் பூக்கடைக்கும் போகும் பெண்ணின் கையில் அதனால் மிஞ்சும் ரூபாய் கண்ணுக்குத் தெரியும் ரூபாய். அதை ‘ஓசி’ என்று ஓர் அமைச்சரே 2022-இல் மேடையில் சொல்லிச் சர்ச்சையானது. லவுஞ்சில் இட்லி சாப்பிடும் ஆளை யாரும் ஓசி என்று சொல்லி நான் கேட்டதில்லை. பேருந்துக்கான பணம் எல்லோரும் கட்டும் வரியிலிருந்து, சட்டமன்றத்தில் கணக்கு வைக்கப்பட்டு வருகிறது. லவுஞ்சுக்கான பணம் யாரிடமிருந்து வருகிறது என்று எங்கும் எழுதியிருக்காது. ஏழைப் பெண் பெறுவது ஓசி, வசதியுள்ளவர் பெறுவது சலுகை. எதற்கு எந்தச் சொல் என்பதைத் தீர்மானிப்பது வர்க்கமும் பாலினமும்தான்.

இதனால் அட்டை வைத்திருக்கும் பெண்களெல்லாம் குற்றவாளிகள் என்று சொல்ல வரவில்லை. வேலைக்காக வாரந்தோறும் பறக்கும் தோழி ஒருத்தி அந்த அட்டையை வைத்திருக்கிறாள். மாதம் தவறாமல் முழுத்தொகையும் கட்டிவிடுகிறாள். அவளுக்கு அது கட்டுப்படியாகிறது, அவள் பெயரில் இருக்கிறது, மகிழ்ச்சி. ஒருத்தி தன் கணக்கை மூடிவிடுவதால் பூக்கடைக்காரப் பெண்ணுக்கு ஒரு ரூபாயும் திரும்பிவிடாது. ஆனால் எடுத்துக்கொள்வதை ‘இலவசம்’ என்று அழைக்காமலிருக்கலாம். நம் பங்குக்குப் பொதுக் கழிப்பறையையும் காத்திருப்பு அறையையும் பேருந்தையும் பற்றித் தொடர்ந்து சத்தம் போடலாம்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டணமில்லாத பழைய அட்டை என் பெயரில், என் கடன் வரலாற்றோடு இருக்கிறது, அது போதும். ஆனால் எலுமிச்சைச் சாதக் கணக்குக்கும் திரும்பிப் போகவில்லை. அந்த 14,750 ரூபாயை என் பயணச் சௌகரியத்துக்கென்று தனியே எடுத்துவைத்திருக்கிறேன், வீட்டுச் செலவு எதற்கும் அதைத் தொடுவதில்லை. டெல்லிக்குப் போகும் அடுத்த முறை, விடியற்காலை விமானத்தைவிட 2,000 ரூபாய் கூடுதலான பகல் விமானத்தில் சீட்டு எடுத்திருக்கிறேன். முதல்நாள் இரவு என் வீட்டில், என் கட்டிலில் உறங்கிவிட்டுக் கிளம்புவேன். அதன் மதிப்பு எவ்வளவு என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். 2,000-க்குமேல் என்று பதில் வந்தது.