ஜும்ஆ உரை: வாகன இன்சூரன்ஸும் எதிரில் வருபவரின் ஹக்கும்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! போன மாதம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பைக்கில் போகும்போது ரோட்டைக் கடந்த ஒரு பெரியவர் மீது மோதிவிட்டாராம். உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் மனிதர். இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். “வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?” என்று கேட்டேன். “இல்லை ஹஜ்ரத். இன்சூரன்ஸ் ஹராம் என்று பயானில் கேட்டேன், மூன்று வருடமாகப் புதுப்பிக்கவில்லை” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த பயான் நான் செய்ததாகவே இருக்கலாம். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டிருப்பேன். அந்த மீதியைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

வியாபார நோக்கிலான இன்சூரன்ஸில் நிச்சயமின்மை இருக்கிறது, வட்டி கலக்கிறது. அதனால் அது கூடாது என்று 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் கூட்டுறவு முறைதான் மாற்று வழி என்றும் சொன்னது. இலங்கையில் அமானா தகாஃபுல் போல அப்படி நடத்துகிறார்கள். நம் நாட்டில் வாகனத்துக்கு அந்த வழி இல்லை. இதெல்லாம் சரிதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது ‘தேர்ட் பார்ட்டி’ என்பது என்ன? முதல் நபர் நீங்கள். இரண்டாவது கம்பெனி. மூன்றாவது நபர், உங்கள் வண்டியில் அடிபடப் போகிற யாரோ ஒருவர். அந்த பாலிசியில் உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. பணம் போவது அந்த உப்பளத் தொழிலாளியின் வீட்டுக்கு. 1946 ஜூலை முதல் இந்தியாவில் இது கட்டாயம். இன்றைக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு. சட்டம் கட்டாயப்படுத்துவதால் அந்த அளவுக்குக் கட்டுவதில் குற்றமில்லை என்றே உலமாக்கள் ஃபத்வா தருகிறார்கள். அதற்கு மேல், நம் வண்டிக்கும் சேர்த்து எடுக்கும் முழுக் காப்பீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. அதை உங்கள் ஆலிமிடம் தனியாகக் கேளுங்கள்.

தவறுதலாக ஒரு முஃமினின் உயிர் போய்விட்டால் என்ன செய்வது? சூரா அந்நிஸா 92-வது வசனத்தில் அல்லாஹ் சொல்கிறான். இறந்தவரின் குடும்பத்துக்கு தியத், அதாவது நஷ்டஈடு கொடுக்க வேண்டும், அவர்களாக மன்னித்தால் தவிர. ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று கையை விரிக்க இடமே இல்லை. சரி, ஏழைக்கு அவ்வளவு பணம் எங்கே? ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டு, ஒருத்தி எறிந்த கல்லால் மற்றவளும் அவள் வயிற்றுப் பிள்ளையும் இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் தியத்தை எறிந்தவளின் ஆகிலா மீது, அதாவது அவளுடைய தந்தைவழி உறவினர்கள் மீது சுமத்தினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் சம்பவம் இது.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். முத்துக்குளிக்க ஒருவர் கடலுக்குள் இறங்கினால் மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மச்சானிடம்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆகிலாவும் அப்படித்தான் ஆகிவிட்டது. இன்று உங்கள் சார்பாகப் பத்து லட்சம் கட்ட எந்த மச்சான் வருவார்?

கட்டணத்தைப் பார்ப்போம். மூன்றாம் நபர் பிரீமியத்தை நிர்ணயிப்பது அரசு, கம்பெனி இல்லை. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரையிலான பைக்குக்கு வருடத்துக்கு 714 ரூபாய், வரி தனி. ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய் சொச்சம். டீக்கடையில் இதைவிட அதிகம் விடுகிறோம். காரில் 1000 சிசிக்குள் 2,094, 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. மின்சார வண்டிக்கு 15 சதவீதம் குறைவு. சரக்கு லாரிக்கு மொத்த எடையைப் பார்ப்பார்கள். முழுக் காப்பீட்டில்தான் வண்டியின் வயது, மதிப்பு, ஊர் எல்லாம் கணக்கில் வரும். க்ளைம் எடுக்காத வருடங்களுக்கு 20 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடியும் உண்டு.

இங்கேதான் பொய் நுழைகிறது. க்ளைம் எடுத்தவர் எடுக்கவில்லை என்று எழுதுகிறார். சொந்த உபயோகம் என்று போட்ட காரை மதுரை ஏர்போர்ட்டுக்கு வாடகைக்கு விடுகிறார். சூரா அல்மாயிதாவின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்கிறது. அந்த ஒப்பந்தத்தில் முஸ்லிம் கம்பெனி, காஃபிர் கம்பெனி என்ற வித்தியாசம் கிடையாது. இன்னொன்று, குட்டி யானையில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறோமே, சரக்கு வண்டியில் ஓசியில் ஏறிய ஆளுக்கு பாலிசி செல்லாது. விழுந்தால் அவர் குடும்பம் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கும்.

பத்தாவது படிக்கும் பையன் கையில் சாவியைக் கொடுக்கும் வாப்பாமார்களே, இதையும் கேளுங்கள். லைசென்ஸ் இல்லாதவர் மோதினால், கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலிக்கலாம். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி அது. போதாததற்கு, 2019 திருத்தத்தின்படி சிறுவனுக்கு வண்டி கொடுத்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

பாலிசி இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடவும் முடியாது சகோதரர்களே. அதே 92-வது வசனத்தில் கஃப்பாரா என்று ஒன்று இருக்கிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு வைக்க வேண்டும். பணத்தைக் கம்பெனி கட்டும். நோன்பை நீங்கள்தான் வைக்க வேண்டும். எண்பதில் பறக்கும்போது அந்த இரண்டு மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சகோதரர் பைக்கை விற்றுவிட்டார். வந்த பணம் ஆஸ்பத்திரிச் செலவில் கால்வாசிக்குக்கூட வரவில்லை. மீதியை மாதாமாதம் கொடுப்பதாகப் பெரியவரின் மகனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். பெரியவர் முஸ்லிம் இல்லை, ஆனால் இவர் போகும்போதெல்லாம் “சாப்பிட்டீங்களா தம்பி” என்றுதான் கேட்கிறாராம். அவர் எழுந்து நடக்க துஆ செய்யுங்கள். தொழுகை முடிந்ததும் வெளிப்பள்ளியில் இரண்டு தம்பிமார்கள் இருப்பார்கள். பாலிசி தேதி எப்போது முடிகிறது என்று தெரியாதவர்கள் வண்டி நம்பரைச் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள்.

பாரகல்லாஹு லீ வலகும். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.