நெஞ்சு நோயாளியும் பட்டினியும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளிவாசல்களில் ஒவ்வொரு ரமளானிலும் நெஞ்சு நோய்க்கு மருந்து சாப்பிடுவோர் நம்மிடம் வந்து, “நோன்பு வைக்கலாமா?” எனக் கேட்கிறார்கள். கேட்காமல் சிலர் மறைப்பது வேறொன்று. மாரடைப்பு வந்த அச்சத்தில் சோற்றைக் கண்டாலே ஒதுங்குவது, பசி தாளாமல் ஒருநாள் மூச்சு முட்டத் தின்பது, பிறகு விரலை விட்டு வாந்தி எடுப்பது! வீட்டார் இதைப் பேணுதல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இது நோய்.

வாந்தியினால் உடம்பிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்பு குறைகிறது. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் குறையலாம். அது மிகவும் குறைந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகலாம். தொடர்ந்த பட்டினியில் இதயத் தசையே மெலிகிறது. அமெரிக்கப் பாடகி கேரன் கார்பென்டர் உணவை வெறுக்கும் இந்நோயால் இதயம் கெட்டு 1983 பிப்ரவரி 4 அன்று இறந்தபோது வயது 32. இளம் வயதினருக்கே இக்கதியென்றால், முன்பே நொந்த இதயம் எம்மாத்திரம்! நெடுநாள் பட்டினி கிடந்தவர் திடீரென வயிறு நிறைய உண்டாலும் இந்த உப்புகள் சரிந்து ஆபத்தாகும். ஆகவே உணவைக் கூட்டுவதும் மருத்துவர் கண்காணிப்பிலேயே நடக்கவேண்டும். (நோன்புக் கஞ்சியோடு வடையையும் சமோசாவையும் குவிக்கும் நம் வழக்கம் பற்றித் தனியே எழுதத்தான் வேண்டும்.)

நஃபிலான நோன்பைத் திரையாக்கி உண்ணாதிருப்போரும் உண்டு. அபுத்தர்தா (ரலி) அவர்கள் உணவைச் சமைத்து வைத்துவிட்டு, தாம் நோன்பாளி என்றார்கள். அவர்கள் உண்ணாமல் தாமும் உண்ணப்போவதில்லை எனக் கூறி, ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் அந்த நஃபில் நோன்பை விடச் செய்தார்கள். இறைவனுக்குரிய உரிமையோடு தன் ஆன்மாவுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டென்றும் எடுத்துரைத்தார்கள். இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள். ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தி இது.

இனி சட்டம். வலிய வாந்தி எடுத்தால் நோன்பு முறியும், களாச் செய்யவேண்டும். தானாக வந்தால் முறியாது. ரமளான் நோன்பு உயிருக்கு ஆபத்து என்று நம்பகமான மருத்துவர் சொல்லிவிட்டால், அதை மீறி வைப்பது கூடாது. அப்படியொரு மருத்துவரிடம் வாந்தியையும் பட்டினியையும் மறைத்து அனுமதி வாங்குவது அனுமதியே அல்ல. குணமாகும் நோயாளி பின்னர் களாச் செய்வார். குணமாகும் நம்பிக்கை அற்றவர் நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழைக்கு பித்யா கொடுப்பார்: ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு முத்து தானியம், ஹனஃபி மத்ஹபில் அரை ஸாஉ கோதுமை அல்லது அதன் கிரயம்.