போத்தலுக்குள் இருந்த சிறகவரை

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசியில், தெதுறு ஓயாவுக்கு அப்பால் வசிக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பழைய கொப்பித் தாளில் மடித்து ஏழு விதைகள் தந்தார். சிறகவரை. சிங்களத்தில் தம்பல என்பார்கள். காய்க்கு நாலு பக்கமும் இறக்கை. இலை, பூ, பிஞ்சு, கிழங்கு, முற்றிய விதை எல்லாமே கறிக்கு ஆகும்.

"காசு வேணாம் மகன். காய்ச்சா மூனு பேருக்குக் குடுங்க" என்றார்.

அப்படித்தான் விதை கைமாற்றும் ஒரு வட்டத்துக்குள் போனேன். மீன் வாடியில் கணக்கு எழுதுபவர், முன்னேஸ்வரத்தில் பூ விற்கும் அக்கா, மாதம்பையிலிருந்து பஸ்ஸில் வரும் சிங்களச் சீயா என்று பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவருக்கும் விவசாயம் தொழில் இல்லை. கிணற்றடி ஈரத்தில், மணல் வளவில், ஆசைக்காக வளர்ப்பவர்கள். மாதம் ஒருமுறை யாராவது ஒருவருடைய விறாந்தையில் கூடுவோம். சந்தையில் காணாத வெள்ளை வெண்டியும் குண்டுக் கொச்சிக்காயும் கறுத்த பயிற்றையும் அங்கே கைமாறும்.

என் சிறகவரை வேலியோரத்து முருங்கையில் ஏறி நன்றாகவே காய்த்தது. இரண்டு கைப்பிடி விதை எடுத்தேன். ஜாம் போத்தலில் போட்டு அலுமாரியில் வைத்தேன். கேட்டவர்களிடம் "அடுத்த முறை" என்றேன். விதை போதாமல் சொல்லவில்லை. எவரிடமும் இல்லாத ஒன்று என் வளவில் இருக்கிறது என்ற நினைப்பு இனித்தது. அதை இழக்க மனம் வரவில்லை. பொன்னைப் பூட்டி வைப்பவரின் அச்சத்தை விளங்கிக்கொள்ளலாம். கொடுத்தால் பொன் குறையும். கொடுத்தால் பெருகும் பொருளை நான் ஏன் பூட்டினேன்? இன்றுவரை என்னை உறுத்தும் கேள்வி அது.

ஒரு வருடம் கழித்துத் திறந்தபோது பூஞ்சண மணம். சரியாகக் காயாத விதை. கடலும் களப்பும் சூழ்ந்த ஊரில் காற்றே ஈரம். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 பாகை குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதை காப்போரின் தோராயக் கணக்கு. என் அலுமாரி இரண்டுக்கும் எதிரி. இருபது ஊன்றினேன், ஒன்றும் முளைக்கவில்லை. டீச்சரிடம் முன்பே வாங்கியிருந்த சீயாதான் திரும்பவும் ஐந்து விதை தந்தார். முந்தியதற்கு என்ன ஆனது என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

தமிழ்நாட்டில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் ஜெயராமன் இப்படிப் பூட்டிவைக்கும் ஆசைக்கு ஒரு விதியால் மருந்து போட்டவர். இயற்கை வேளாண்மை பேசிய நம்மாழ்வாரின் வழியில் வந்தவர். 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வருகிறவர்களுக்கு 2 கிலோ விதைநெல் கொடுத்தார்; அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்ப வேண்டும். அந்த 4 கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது மீட்டிருந்த நெல்வகைகள் 174. எல்லாவற்றையும் தன் களஞ்சியத்திலேயே வைத்திருந்தால் அவரோடு எத்தனை போயிருக்குமோ.

நமக்கும் கன்னொறுவையில் 1988 முதல் தாவர மரபணு வள நிலையம் இருக்கிறது. குளிரறையில் ஆயிரக்கணக்கான விதைகள் உறங்குகின்றன. அது வேண்டும். ஆனால் எங்கள் சிலாபத்தின் உயிரான தென்னையை அப்படி உறங்கவைக்க முடியாது. உலர்த்தினாலும் உறையவைத்தாலும் தேங்காயின் முளை செத்துவிடும். பலாவும் மாவும் அப்படியே. மண்ணில் நிற்கும் மரமாகத்தான் அவற்றைக் காக்கலாம். அதற்கு ஒருவரின் வளவு போதாது.

பூசணி இன்னும் பொல்லாதது. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வேலி பார்ப்பதில்லை. பக்கத்து வளவில் வேறு வகை பூத்தால் என் காய் மாறாது, ஆனால் அதன் விதையில் கலப்பு ஏறிவிடும். மாலையில் பெண் மொட்டை நூலால் கட்டி, விடிந்ததும் அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைக் கையால் தடவி, மீண்டும் கட்டலாம். நானும் செய்கிறேன். அதைவிட எளிது, பின்வீட்டாரிடம் இந்தப் போகம் என்ன நடுகிறீர்கள் என்று கேட்பது. எல்லைக் கதியாலுக்காக இரண்டு வருடம் பேசாமலிருந்த எங்களைப் பூசணிதான் பேசவைத்தது. ஒரு விதையைத் தனியாளாகத் தூய்மையாக வைத்திருக்க இயலாது என்று புத்தகம் சொல்லி நான் நம்பியதில்லை. அந்த வேலியில் நின்றபோது நம்பினேன்.

சீயா தந்த ஐந்தில் நாலு முளைத்தன. இம்முறை விதைகளை நிழலில் உலர்த்தி, பல்லில் கடித்தால் 'டக்' என்று உடையும்வரை பொறுத்து, தாளில் மடித்தேன். முதல் மடிப்பு டீச்சருக்கு, இரண்டாவது பூக்கடை அக்காவுக்கு, மூன்றாவது பின்வீட்டுக்கு.

உங்கள் வீட்டு அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ முடிச்சுப்போட்ட சீலைத்துணி ஒன்று இருக்கும். பெரும்போக மழைக்கு முன் அதை அவிழ்த்து, உள்ளே இருப்பவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பாதியை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.