இதர செலவுகள்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்தவர்கள், இருக்கிற வீட்டை இடித்துத் திருத்துவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அனுபவம் இல்லை போல.

பாளையங்கோட்டையில் அப்பா 1988-ல் கட்டிய வீடு. போன வருஷம் அதன் அடுப்படியை மாற்றலாம் என்று முடிவானதும், சென்னையில் உட்கார்ந்து எக்செல் போட்டேன். டைல்ஸ், கிரானைட், பிளம்பிங், வயரிங், அலமாரி, கூலி, கடைசியில் பத்து சதவீதம் 'இதர செலவுகள்'. கூட்டினால் 3,96,000. நாலு லட்சத்துக்குள் அடங்கிவிட்டதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வேலை முடிந்தபோது 6,20,000. பெரும்பகுதியைத் தின்றது அலமாரி. அம்மா கேட்ட கிழக்கு ஜன்னலை நடுவிலேயே வெட்டிவிட்டேன்.

துணைக்கு ஆள் இருக்கிறது. எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும் என்பதை மனிதர்கள் எப்போதும் குறைத்தே போடுகிறார்கள் என்று 1979-லேயே டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் எழுதினார்கள். பின்னால் வந்த தன் புத்தகத்தில் கானமன் தரும் உதாரணங்களில் ஒன்று அடுப்படிதான். 2002-ல் அமெரிக்காவில் சமையலறையைப் புதுப்பித்தவர்கள் சராசரியாக 18,658 டாலர் ஆகும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். ஆனது 38,769. படித்தபோது ஆறுதலாக இருந்தது. மூளையின் பொதுக் கோளாறு, நான் என்ன பண்ண? ரெண்டு வாரம் என்று ஒத்துக்கொண்ட வேலையை அஞ்சு வாரம் இழுப்பதுதானே என் தொழிலும்.

ஆனால் கணக்கு தப்புவது ஒன்று. தப்பிய கணக்கை யார் தலையில் கட்டுகிறோம் என்பது வேறு. இரண்டாவதில் மூளையைக் குற்றம் சொல்ல முடியாது.

கொத்தனாரிடம் கூலியை மொத்தமாகப் பேசியிருந்தேன். சிங்க்குக்குப் பின்னால் இருந்த சுவரைத் தட்டியதும் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. செங்கல் வரை ஓதம். கொத்தி எடுத்து, காயவிட்டு, திரும்பப் பூச அவருக்கும் சித்தாளுக்கும் ஆறு நாள் கூடுதல். 11,400 ரூபாய் கேட்டார். "பேசினது பேசினதுதானேண்ணே" என்றேன். "சரி தம்பி" என்று போய்விட்டார்.

அதே வாரம் கிரானைட் கடையில் ஓரம் உருட்ட தனி, ஜிஎஸ்டி தனி என்று 14,000 கூடுதலாக பில் வந்தது. கம்ப்யூட்டர் பில். போனை எடுத்து ஸ்கேன் பண்ணிவிட்டு வந்தேன்.

"ஏல, கடைக்காரன்ட்ட வாயத் தொறக்கல. இவர்ட்ட மட்டும் சட்டம் பேசுத" என்றாள் அம்மா.

என்னிடம் பதில் இருந்தது. மொத்தமாகப் பேசுவது என்றால் அதுதான். வேலை நாலு நாள் முன்னாடி முடிந்திருந்தால் மிச்சம் அவருக்குத்தானே? அப்போது நான் திருப்பிக் கேட்பேனா? இன்றைக்கும் இந்த வாதத்தில் ஓட்டை இல்லை என்றுதான் நினைக்கிறேன், ரெண்டு பேருக்கும் சுவரைப் பற்றி ஒரே அளவு தெரிந்திருந்தால்.

அந்தச் சுவர் எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் சிங்க்குக்குப் பின்னால் பெயிண்ட் உப்பி உதிரும். அப்பா மேலே இன்னொரு கோட் அடிப்பார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எக்செல் போடும்போது அது ஞாபகத்துக்கு வந்தது. வரி சேர்த்தால் நாலு லட்சத்தைத் தாண்டும் என்பதால் விட்டுவிட்டேன். கானமன் சொல்கிற கோளாறு இதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்ட பொய்க்கான பில்லை அவரிடம் நீட்டியிருக்கிறேன்.

மூணு வாரம் கழித்து 11,400-ஐ ஜிபேயில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்ன தம்பி, ஜன்னல் வேலைக்கு அட்வான்ஸா?"

'ஆமா' என்று வாய் வரை வந்தது. யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்காது. அம்மாவுக்கு ஜன்னலும் கிடைத்துவிடும்.

"இல்லண்ணே. அந்த ஆறு நாளுக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சித்தாளுக்கு அன்னன்னைக்கே நான் குடுத்துட்டேனே தம்பி" என்றார், அதில் எனக்கு எந்தச் சிக்கலும் வந்துவிடக்கூடாது என்பது போல.

எக்செலைத் திறந்து 'இதர செலவுகள்' வரியில் 11,400 சேர்த்தேன். பிறகு அதை அழித்துவிட்டு 'கூலி'யில் போட்டேன்.